விண்ணிலிருந்து வீழும் எலக்ட்ரான்கள்

தூத்துக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகப் பாளையங்கோட்டைக்குச் செல்லும் சாலை, புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய நிலப்பரப்பில் அமைந்துள்ளது. இங்கே தடையின்றித் தொங்கவிடப்படும் காந்த ஊசி வடக்கே தலைகவிழ்வதுமில்லை, தெற்கே தலைகவிழ்வதுமில்லை. ஏறத்தாழக் கிடைமட்டமாகவே நிற்கிறது. வடக்கே செல்லச் செல்ல அதன் முனை தரையை நோக்கிச் சாய்கிறது. காந்தத் துருவத்தை அடையும்போது செங்குத்தாகிவிடுகிறது. திசைகாட்டியை நம்பிக் கடலோடிய மாலுமிகளின் மரபில் வந்த இக்கடற்கரை மக்களுக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், புவியைச் சூழ்ந்த விண்வெளியிலிருந்து ஆற்றல் மிக்க எலக்ட்ரான்கள் எங்கே வீழ்கின்றன, எங்கே வீழ்வதில்லை என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சாய்வேயாகும்.

கதிர்வீச்சு வளையங்கள்

1958ஆம் ஆண்டு அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோளில் ஜேம்ஸ் வான் ஆலன் என்ற இயற்பியலறிஞர் ஒரு கைகர் எண்ணியைப் பொருத்தியிருந்தார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் அக்கருவி மௌனமாயிற்று. அங்கே துகள்கள் இல்லாததால் அன்று. எண்ண முடியாத அளவுக்கு மிகுந்திருந்ததாலேயே அது செயலற்றுப்போனது என்பது பின்னர் தெளிவாயிற்று. புவியின் காந்தப்புலம் மின்னூட்டம் கொண்ட துகள்களைச் சிறைப்படுத்தி இரு வளையங்களாக வைத்திருக்கிறது. உள்வளையத்தில் புரோட்டான்கள் மேலோங்கியுள்ளன. வெளிவளையம் பெரும்பாலும் எலக்ட்ரான்களால் ஆனது.

சிறைப்பட்ட எலக்ட்ரான் மூவகை இயக்கங்களைக் கொண்டது. காந்த விசைக்கோட்டைச் சுற்றிச் சுருளாகச் சுழல்கிறது. அக்கோட்டின் வழியே வட, தென் அரைக்கோளங்களுக்கிடையே ஒரு நொடிக்குள் எதிரொளித்து மீள்கிறது. அத்துடன் கிழக்கு நோக்கி நகர்ந்து புவியையும் வலம் வருகிறது. இடையூறு ஏதும் இல்லையெனில் இப்பயணம் நெடுங்காலம் நீடிக்கும்.

இழப்பின் வழிகள்

ஆயினும் இவ்வளையம் நிலையானதன்று. சூரியப் புயல் ஒன்று தாக்கும்போது சில மணி நேரத்திலேயே அது காலியாகவும் கூடும், பன்மடங்கு நிரம்பவும் கூடும். எலக்ட்ரான்கள் வெளியேறும் வழிகள் இரண்டு. சூரியக் காற்றின் அழுத்தத்தால் புவியின் காந்த எல்லை உள்நோக்கி நெருக்கப்படும்போது, வெளிவிளிம்பில் இருப்பவை விண்வெளியில் சிதறிவிடுகின்றன. இது முதல் வழி. இரண்டாவது வழி வளிமண்டலத்தை நோக்கியது. விண்வெளியில் இயல்பாக எழும் மின்காந்த அலைகள் எலக்ட்ரானின் சுழற்சியோடு ஒத்திசைந்து அதன் திசையைச் சற்றே மாற்றுகின்றன. ‘கோரஸ்’ எனப்படும் அலை இவற்றுள் முதன்மையானது. ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலைப் பறவைகளின் கூட்டொலியை ஒத்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. திசை மாறிய எலக்ட்ரான், எதிரொளித்து மீள வேண்டிய இடத்தைக் கடந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கும் கீழே இறங்கி, காற்று மூலக்கூறுகளுடன் மோதி அழிகிறது.

மின்னல் எழுப்பும் அலைகளும் இவ்விளைவை ஏற்படுத்துகின்றன. மனிதன் எழுப்பும் அலைகளும் இதற்கு விலக்கல்ல. நீர்மூழ்கிக் கப்பல்களுடன் தொடர்புகொள்ள ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் இயங்கும் மீத்தாழ் அதிர்வெண் ஒலிபரப்பி எலக்ட்ரான்களை வீழச் செய்வதைப் பிரான்சின் டெமிட்டர் செயற்கைக்கோள் பதிவு செய்தது.

வளிமண்டல விளைவுகள்

துருவ ஒளியை உண்டாக்குபவை ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்களே. அவை 100 கிலோமீட்டருக்கு மேலேயே நின்றுவிடுகின்றன. ஹிஜ்ரி 310இல் (கி.பி. 922) அப்பாஸியக் கலீஃபா அல்-முக்ததிரின் தூதுக்குழுவில் வோல்கா நதிக்கரையின் பல்கார் மக்களிடம் சென்ற அஹ்மத் இப்னு பழ்லான், இரவு வானில் செந்நிற மேகங்கள் படைகளைப்போல் மோதிக்கொண்டதாக எழுதிவைத்தது இத்தகைய ஒளியையே என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் கண்ணுக்குப் புலப்படும் அவ்வொளியைவிட, புலப்படாமல் மேலும் ஆழத்துக்கு இறங்கும் எலக்ட்ரான்களே வேதியியல் நோக்கில் முக்கியமானவை. பத்து இலட்சம் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் கொண்டவை சுமார் 60 கிலோமீட்டர் உயரம் வரை இறங்குகின்றன.

அங்கே அவை நைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிளந்து நைட்ரிக் ஆக்சைடையும், நீராவியின் துணையுடன் ஹைட்ரஜன் ஆக்சைடுகளையும் உருவாக்குகின்றன. இவை இரண்டுமே ஓசோனை அழிப்பவை. ஹைட்ரஜன் ஆக்சைடுகள் விரைவில் மறைந்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகளோ, சூரியன் உதிக்காத துருவக் குளிர்காலத்தில் பல வாரங்கள் நிலைத்திருந்து, கீழிறங்கும் காற்றோடு அடுக்குமண்டலத்தை அடைகின்றன. 2003 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வீசிய கடும் சூரியப் புயல்களையடுத்த குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியின் மேல் அடுக்குமண்டலத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகி ஓசோன் வெகுவாகக் குறைந்தது. வீழ்ந்த துகள்களோடு அவ்வாண்டின் வலுவான துருவக் காற்றுச்சுழலும் அதற்குக் காரணமாயிற்று.

இதனை அறிந்திருப்பது ஏன் அவசியம்? ஓசோன் துளைக்கு முதன்மைக் காரணம் மனிதன் வெளியிட்ட குளோரின் சேர்மங்களே. அவற்றைக் கட்டுப்படுத்தும் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பயனளிக்கிறதா என்பதை அளவிட வேண்டுமானால், சூரியனின் பங்கையும் மனிதனின் பங்கையும் பிரித்தறிந்தாக வேண்டும். இல்லையெனில் இயற்கையின் மீது பழிபோட்டு மனிதன் தன் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ள இடமேற்படும்.

தென்கடற்கரையின் பங்கு

வெளிவளையத்தினூடே செல்லும் விசைக்கோடுகள் துருவங்களை அடுத்த பகுதிகளிலேயே தரையைத் தொடுகின்றன. எனவே தூத்துக்குடியின் வானில் இவ்வெலக்ட்ரான்கள் வீழ்வதில்லை. எனினும், இவ்வட்டாரம் இவ்வறிவியலுக்குப் புறம்பானதன்று. திருவிதாங்கூர் அரசின் வானியலாளராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் 1850களில் திருவனந்தபுரத்திலும் அகத்தியமலை உச்சியிலும் காந்த ஊசியின் அசைவுகளைப் பதிவுசெய்தார். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் புவிகாந்தத்தை அளந்துவருவதுடன், 1990களில் நிறுவப்பட்ட ரேடாரின் மூலம் 70 முதல் 100 கிலோமீட்டர் உயரக் காற்றோட்டங்களையும் ஆராய்ந்துள்ளது. விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பெற்ற கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் எழுப்பும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலைகளைத் தொலைவிலிருந்து பெற்று, அயனிமண்டலத்தின் அடித்தட்டு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணிக்கின்றனர் இந்திய ஆய்வாளர்கள்.

2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே ஏவ முடிவதே இவ்விடத்தின் சிறப்பு. அவ்வாறு துருவச் சுற்றுப்பாதையை அடையும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் எலக்ட்ரான்கள் வீழும் துருவ வட்டாரங்களையும், உள்வளையம் தாழ்ந்திருக்கும் தென் அட்லாண்டிக் பகுதியையும் நாள்தோறும் பலமுறை கடந்தாக வேண்டும். 1994 ஜனவரியில் வேறொரு பாதையில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த கனடாவின் இரு அனிக் தகவல்தொடர்புக் கோள்கள் இத்தகைய எலக்ட்ரான்கள் உள்ளே சேர்ந்து மின்பொறி எழுந்ததால் செயலிழந்தன.

காந்த ஊசி சாயாத இக்கரையில் நின்று துருவ வானின் நிகழ்வுகளை ஆராய்வது வீண்முயற்சியன்று. நமது கரையிலிருந்து புறப்படும் கருவிகளுக்கு அவ்வானமே வழியாக அமையவிருக்கிறது. அதன் இயல்பை அறியும் ஆய்வுக்கூடங்களுக்கு நம் இளைஞர்களும் செல்ல வேண்டும்.