வீட்டுத் தொட்டியில் நீராமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆயினும், ஐம்புலன்களை அடக்கியாளும் சான்றோனுக்கு வள்ளுவர் உவமையாகக் காட்டியதும் அந்த ஆமையைத்தான். திருமால் எடுத்த அவதாரங்களுள் ஒன்றும் ஆமையே. இவ்வாறு ஒருபால் அச்சத்துக்கும் ஒருபால் போற்றுதலுக்கும் உரியதாயிருந்த இப்பிராணி, இக்காலச் சிறுவர்களுக்கு வீட்டிலே வைத்து வளர்க்கும் தோழனாக மாறியிருக்கிறது. ஆமையினால் ஒரு வீடு கெட்டது என்பதற்குச் சான்று கிடைப்பது அரிது. வீட்டுக்குள் வந்து கெட்டுப்போன ஆமைகளோ பலவாகும். அவற்றுட் பெரும்பாலானவை கொடுமையினால் மாண்டவையல்ல. அன்போடு வளர்த்தவர்களின் அறியாமையினாலேயே மாண்டவை. ஆகவே ஊவா மலைநாட்டில் ஒருவர் நீராமை வளர்க்க விரும்பினால், அதற்குரிய தொட்டி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலில் எழும் வினா, எந்த ஆமை என்பதாகும். நீரில் வாழ்வதற்கும் நிலத்தில் வாழ்வதற்கும் தமிழில் ஆமை என்ற ஒரே பெயர் வழங்குவதால் சிலர் மயங்குகின்றனர். இலங்கையின் உள்நாட்டுக்குரிய ஆமைகள் மூன்று. ஒன்று, கறுத்த ஓடுடைய காராமை. மற்றொன்று, தோல் போன்ற மெல்லிய ஓடும், பின்னங்கால்களை மறைக்கும் மடல்களும் கொண்ட பாலாமை. இவையிரண்டும் மகியங்கனை, வெல்லவாய முதலிய தாழ்நிலப் பகுதிகளின் குளங்களிலும் ஓடைகளிலும் வாழ்பவை. மூன்றாவது, ஓட்டிலே மஞ்சள் நிற விண்மீன் கோலம் கொண்ட நட்சத்திர ஆமை. இது வறண்ட நிலத்திலே புல் மேய்ந்து திரிவது. நீராமையென்று எண்ணி இதனைத் தொட்டிக்குள் விட்டால் மூழ்கி மடியும். பி. இ. பி. தெரணியகல 1939 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009 ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இந்நாட்டுக்குரிய ஆமைகளுக்குக் காப்பளிக்கின்றன. குளத்திலோ ஓடையிலோ அவற்றைப் பிடித்து வந்து வீட்டில் அடைத்து வைப்பது குற்றமாகும். சிறுவன் ஒருவன் ஆற்றோரம் கண்ட ஆமையைக் கையிலேந்தி வந்தால், கண்ட இடத்திலேயே கொண்டுபோய் விடச் செய்வதே பெற்றோர் கற்பிக்கத்தக்க முதற்பாடம்.

உலகெங்கும் வீட்டுப் பிராணியாக விற்கப்பட்டு வந்தது செங்காது ஆமை என்னும் பிற நாட்டு இனமாகும். கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் ஓடும் செந்நிறக் கோட்டினால் இப்பெயர் பெற்றது. இதன் தாயகம் ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பெருநிலம். குஞ்சின் ஓடு சுமார் 3 சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அதன் பச்சை நிறத்தைக் கண்டு மயங்காத சிறுவர் இல்லை. ஆனால் நன்கு வளர்க்கப்படும் பெண்ணாமை 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளர வல்லது. ஆயுளும் இருபது, முப்பது ஆண்டுகள். சில வேளை அதற்கும் மேல். இன்று குஞ்சுக்காக அழும் பிள்ளை, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நாளிலும் அந்த ஆமை உயிரோடிருக்கக்கூடும். குஞ்சு வாங்குவோர் தொட்டி அமைப்பது குஞ்சுக்காக அன்று, அது ஆகப்போகும் பெரிய ஆமைக்காகவே என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தொட்டியின் அளவுக்கு வளர்ப்போர் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 40 லீற்றர் நீர் வேண்டும். நான்கு அங்குல ஆமைக்கு 160 லீற்றர். பத்து அங்குல ஆமைக்கு 400 லீற்றர். ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரையடி உயரமும் கொண்ட தொட்டி விளிம்புவரை நிரம்பினால் சுமார் 425 லீற்றர் கொள்ளும். ஆமை ஏறித் தப்பாதிருக்க மேலே இடம் விடவேண்டுமாதலால், தொட்டி இன்னும் சற்று உயரமாயிருத்தல் நன்று. 400 லீற்றர் நீரின் எடை மட்டும் 400 கிலோகிராம். கண்ணாடியும் கல்லும் வேறு. இத்தனை பாரத்தைத் தாங்கச் சாதாரண மேசை போதாது. சமதளமான சீமெந்துத் தரையில் கட்டிய உறுதியான மேடை வேண்டும். தோட்டங்களில் பழைய லயக் காம்பராக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவின. ஒரு குடும்பமே சமைத்து உண்டு உறங்கும் அந்த அறையில் இவ்வளவு பெரிய தொட்டிக்கு இடமுண்டா என்பதை வாங்குமுன் அளந்து பார்ப்பதே அறிவுடைமை. இடமில்லை என்ற விடை கிடைத்தால், ஆசையை அங்கேயே நிறுத்திக்கொள்வது ஆமைக்குச் செய்யும் பேருதவி.

நீரின் ஆழம் குறைந்தது ஓட்டின் அகலத்தினும் மிகுந்திருத்தல் வேண்டும். ஆழங்குறைந்த நீரில் மல்லாந்துவிட்ட ஆமை புரள இயலாது தவித்து, மூச்சு முட்டி இறக்க நேரும். வளர்ந்த ஆமைக்கு ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம் தகும். அடியிற் பரப்பும் கற்கள் ஆமையின் தலையினும் பெரியவையாய் இருக்கட்டும். சிறு கற்களை அது விழுங்கிவிடும்.

ஆமை உண்பதும் கழிப்பதும் அந்த நீரிலேயே. கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது உயிர்களுக்கு நஞ்சு. ஆற்றிலே அது ஓட்டத்தோடு கரைந்துவிடும். தொட்டியிலோ அதனை மாற்றுவதற்கு நுண்ணுயிர்கள் வேண்டும். ஒருவகைப் பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்ற, வேறொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவை குடியிருக்கும் இடம் வடிகட்டியின் பஞ்சு. மீனைக் காட்டிலும் ஆமை மிகுதியாக அழுக்குச் செய்வதால், தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு, மூன்று மடங்கு நீருக்கென ஆக்கப்பட்ட வடிகட்டியையே பொருத்துதல் வேண்டும். பக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகுமாதலின், முதல் மாதத்தில் நீரை அடிக்கடி மாற்றுவது அவசியம். பின்னர் வாரந்தோறும் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை மாற்றினால் போதும். நகரத்துக் குழாய் நீரில் கலந்திருக்கும் குளோரீன் இந்த நல்ல பக்டீரியாக்களைக் கொல்லும். அந்நீரை வாயகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்தபின் பயன்படுத்தலாம். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளோரீன் இல்லை. ஆனால் அது குளிர்ந்திருக்குமாதலின் உடனே ஊற்றலாகாது. வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும்.

அடுத்தது வெப்பம். இது ஊவாவில் தனியே கவனிக்கத்தக்கது. ஆமை தன் உடல்வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் பிராணியன்று. சுற்றுப்புறத்தின் வெப்பமே அதன் வெப்பம். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உயர்ந்தவை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையும். குஞ்சாமைக்கு நீர் 26 முதல் 28 பாகை செல்சியஸ் வரையும், வளர்ந்ததற்கு 24, 25 பாகையும் வேண்டும். கொழும்பில் வெறுந்தொட்டியிலேயே கிடைக்கும் இந்த வெப்பம், மார்கழி, தை மாதத்து இரவுகளில் மலையகத்தில் கிடையாது. நீர் குளிர்ந்தால் ஆமை உண்ண மறுக்கும், உண்டதும் செரியாது, நாளடைவில் மூக்கில் நீர் வடிந்து, நுரையீரல் நோய் பற்றும். ஆகவே உயரமான இடங்களில் நீரைச் சூடேற்றும் மின்கருவியும், வெப்பமானியும் இன்றியமையாதவை. கருவியின் கண்ணாடிக் குழாயை ஆமை முட்டி உடைக்காதவாறு காப்புக்கூடு இடுதல் வேண்டும். மின்கம்பி தொட்டியிலிருந்து நேரே மின்செருகிக்குச் செல்லாமல், சிறிது கீழே தொங்கி மேலேறினால், வழியும் நீர் தரையிற் சொட்டும்; செருகியை எட்டாது. தொட்டிக்குள் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துவது ஒருபோதும் தவறலாகாத விதி.

நீருக்குள் மட்டுமே இருந்து நீராமை வாழ்வதில்லை. ஆற்றங்கரைக் கல்லில் ஏறி வெயில் காய்வது அதற்கு உணவுபோல் இன்றியமையாதது. எனவே தொட்டியின் ஒருபுறம், உடல் முழுதும் உலரத்தக்க மேடையொன்றும் அதற்கு ஏறிச்செல்லச் சரிவும் அமைத்தல் வேண்டும். மேடைக்கு மேல் ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டு, அவ்விடத்தை 30 முதல் 33 பாகை வரை சூடாக்கலாம். ஆனால் வெப்பம் மட்டும் போதாது. வெயிலில் அடங்கிய புறவூதாக் கதிர்களில் ஒருவகையே ஆமையின் தோலில் உயிர்ச்சத்து டி உண்டாகத் துணைபுரிவது. அந்த உயிர்ச்சத்து இல்லாவிடில், உண்ணும் கல்சியம் உடலிற் சேராது. ஆமையின் ஓடு முதுகெலும்பும் விலாவெலும்பும் சேர்ந்தமைந்த எலும்பேயாதலால், கல்சியம் குறைந்தால் ஓடு மென்மையாகி வளைந்துவிடும். சன்னற் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், தொட்டியைச் சன்னலோரம் வைத்தும் பயனில்லை. மாறாக, நேர்வெயில் படும் கண்ணாடித் தொட்டி விரைவிற் கொதித்து ஆமையைக் கொல்லும். இக்கதிர் வீசும் தனிவகை விளக்கைப் பொருத்தலாம். ஒளி குன்றாதிருப்பினும் அதன் கதிர்வீச்சு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்துவிடுமாதலின் மாற்ற வேண்டிவரும். இயன்ற நாட்களில், பாதி நிழலுள்ள அகன்ற தொட்டியொன்றில் ஆமையை இட்டு, காலை வெயிலில் அரைமணி நேரம் வைப்பது செலவில்லாத வழி. அப்போது காகமும் நாயும் அண்டாதபடி ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, செங்காது ஆமை நீருக்குள் இருந்தே விழுங்கவல்லது. குஞ்சுக்கு மண்புழு, சிறுமீன் முதலிய ஊனுணவு மிகுதியாகவும், வளர்ந்ததற்குக் கங்குன் போன்ற கீரை மிகுதியாகவும் தரவேண்டும். குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதுமானது. பாணும் சோறும் கொடுப்பது தவறு. உப்பிட்ட கருவாடும் ஆகாது. கணவாய் ஓட்டின் துண்டொன்றை நீரில் மிதக்கவிட்டால் ஆமை அதனைக் கடித்துக் கல்சியம் பெறும். கண்கள் வீங்கி மூடிக்கொள்வது பெரும்பாலும் உயிர்ச்சத்து ஏ குறைந்ததன் அறிகுறி. ஆமை குரலெழுப்பி நோவைச் சொல்வதில்லை. ஓட்டுக்குள் ஒடுங்கியிருப்பதை அடக்கம் என்று எண்ணி இருந்துவிடாமல், உண்ணாத ஆமையைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

வீட்டாரின் நலமும் எண்ணத்தக்கது. நோயில்லாத ஆமையின் உடலிலும் சல்மொனெல்லா என்னும் பக்டீரியா இருக்கலாம். அது மனிதருக்கு, சிறப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கர்ப்பிணிகளுக்கும், கடும் வயிற்றுநோயை உண்டாக்கும். இதனாலேயே ஐக்கிய அமெரிக்கா 1975 ஆம் ஆண்டில், நான்கு அங்குலத்திற் குறைந்த ஓடுடைய ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதைத் தடைசெய்தது. அத்தடையினால் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் சிறுவர் இந்நோயினின்று தப்பினர் என மதிப்பிடப்பட்டது. ஆமையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரங்களைக் கழுவலாகாது. கழிவுநீரைப் பீலிக்கும் ஓடைக்கும் செல்லாமல் மரத்தடியில் ஊற்றலாம். பச்சையாக உண்ணும் வல்லாரைப் பாத்திக்கு அது ஆகாது.

இத்தனையும் அறிந்து வளர்ப்போர் சிலரே. பெரிதாகிவிட்டது, நாற்றமடிக்கிறது என்று சலித்தவர்கள் அருகிலுள்ள ஆற்றில் விட்டுவிடுகின்றனர். உயிரைக் காப்பாற்றினோம் என்றும் அவர்கள் எண்ணுவர். விளைவோ வேறு. உலகின் மிகக் கேடான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமை இடம்பெற்றிருக்கிறது; ஐரோப்பிய நாடுகள் 1997 ஆம் ஆண்டில் இதன் இறக்குமதியை நிறுத்தின. இலங்கையின் நீர்நிலைகளிலும் விடப்பட்ட செங்காது ஆமைகள் காணப்பட்டுள்ளன. அவை உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நாட்டு ஆமைகளோடு போட்டியிடும், நோய்களையும் பரப்பும். ஊவா, ஆறுகள் பிறக்கும் நாடு. பதுளை ஓயா துன்ஹிந்தவில் அருவியாய் வீழ்ந்து மகாவலியைச் சேர்கிறது. நமுனுகுல மலைப்பக்கத்தில் ஊறும் நீர் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தைத் தொட்டுச் செல்கிறது. பண்டாரவளைப் பக்கத்துக் கிரிந்தி ஓயா வெல்லவாயவைக் கடந்து தென்கடலை அடைகிறது. மலையில் ஒருவர் விடும் ஆமை, காராமையும் பாலாமையும் வாழும் தாழ்நிலத்துக்குச் செல்லும் வழியிலேயே விடப்படுகிறது.

ஆதலால், ஏற்கெனவே செங்காது ஆமை வைத்திருப்போர் அதன் தொட்டியைத் திருத்தி, இறுதிவரை காத்தலே கடன். இயலாதபோது தகுந்த இடமும் பொறுப்பும் உடைய வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். அல்லது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம். ஆற்றில் மட்டும் விடலாகாது. புதிதாக வாங்க எண்ணுவோர், முதலில் அவ்வினத்தை வைத்திருப்பதற்குச் சட்டம் இடந்தருகிறதா எனத் திணைக்களத்திடம் கேட்டறிந்து, பின் இடத்தையும் மின்செலவையும் முப்பது ஆண்டையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கணக்கு ஒத்துவராவிடில், பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் மகியங்கனைப் பக்கத்துக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, கல்லின்மேல் கழுத்தை நீட்டி வெயில் காயும் காராமையைத் தொலைவிலிருந்து காட்டலாம். அதற்குத் தொட்டியும் வேண்டியதில்லை, விளக்கும் வேண்டியதில்லை.