மரக்காணத்து உப்பளமும் காமிராவின் குவித்திரையும்

சென்னையினின்று புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், மரக்காணத்தை அணுகியதும் மரமும் வீடும் குறைந்து நிலம் தட்டையாகிவிடுவதைக் காண்பர். ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவுறும் இடம் அது. பாத்தி பாத்தியாக உவர்நீர் தேங்கி நிற்க, வரப்புகளின்மேல் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று விளங்கும். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டுமாதலின், உப்பு வாருவோர் இருள் பிரியும்போதே பாத்தியில் இறங்கிவிடுவர். படம் பிடிப்பவனும் அந்நேரத்திற்கே சென்றாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பங்குனி மாதத்து விடியற்காலை ஒன்றில் அங்கே ஒரு மூதாட்டியைப் படம் எடுத்தேன். உப்பு வாரும் பலகையின் கோலை ஊன்றி நின்ற அவர், "எத்தினியோ பேரு வந்து எடுக்கிறாங்க தம்பி, ஒருத்தரும் படத்தைக் கொண்டாந்து குடுத்ததில்ல" என்றார். யான் கொண்டுவந்து தருவதாக வாக்களித்தேன். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது, அவருக்கு ஒரு முழம் பின்னால் இருந்த உப்புக் குவியலின் ஒவ்வொரு பரலும் தெளிவாயிருந்தது. முகம் மட்டும் பனிமூட்டத்துள் இருப்பதுபோல் மங்கியிருந்தது. காமிராவின் வழியே நோக்கியபோதோ முகந்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே பிழை கண்ணிலன்று. அதற்கு முந்திய மாதம் யான் மாற்றியிருந்த குவித்திரையில்.

குவித்திரை என்பது யாது? லென்ஸ் வழியே வரும் ஒளி பிம்பமாக விழுவதற்கு ஒரு பரப்பு வேண்டும். 1857, 1858-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் பொருட்டு மதுரை, தஞ்சை முதலிய இடங்களின் கோயில்களைப் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப் என்பார் காலத்தில், காமிராவின் பின்புறத்தில் சொரசொரப்பாக்கிய கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு, அதில் தலைகீழாகத் தோன்றும் பிம்பத்தைப் பார்த்துச் சரிசெய்வர். பின்பு அக்கண்ணாடியை நீக்கி, அதே இடத்தில் படத்தாளையோ தகட்டையோ வைப்பர். பிம்பம் விழுந்த இடமும் படம் பதியும் இடமும் ஒன்றே. பிழைக்கு இடம் குறைவு.

இக்காலத்து 35 மில்லிமீட்டர் காமிராவில் அப்படியன்று. லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நிற்கும் கண்ணாடி ஒளியை மேலே திருப்பிக் குவித்திரையில் விழச்செய்யும். அதன்மேலுள்ள ஐம்முகப் பட்டகம் பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்குக் கொடுக்கும். 1949-இல் வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் இத்தகைய பட்டகம் பெற்ற முதற் காமிராக்களுள் ஒன்று. பொத்தானை அழுத்தும்போது சாய்வுக்கண்ணாடி எழும்பி ஒளிக்கு வழிவிட, படம் பின்னால் ஃபிலிமில் பதியும். அஃதாவது, யாம் காணும் பிம்பம் ஓரிடத்தில். பதியும் பிம்பம் வேறிடத்தில். லென்ஸிலிருந்து இவ்விரண்டிற்கும் உள்ள தூரம் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாயிருக்கும் என்ற நம்பிக்கையின்மீதே இக்காமிரா முழுவதும் நிற்கிறது.

அந்த மயிரிழையின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் லென்ஸைக்கொண்டு 3 மீட்டர் தொலைவிலுள்ள ஒருவரைக் குவிக்கிறோம். குவித்திரை இருக்கவேண்டிய இடத்தினின்று 0.1 மில்லிமீட்டர் மட்டும் அதிகமாக விலகியிருப்பின், ஃபிலிமில் தெளிவது 3 மீட்டர் தொலைவன்று, ஏறத்தாழ 3.4 மீட்டர். துவார எண் 2 என்று திறந்து வைத்திருக்கையில், அவ்வளவு பிசகைத் தெளிவின் ஆழம் மறைத்துவிட மாட்டாது. நண்பகலில் துவாரத்தை 11 என்று சுருக்கிக்கொண்டால் பிழை வெளியே தெரியாது. விடியற்காலையில் அம்மூதாட்டியின் முகத்தில் தெரிந்துவிட்டது.

யான் திரையை மாற்றியது ஏன் எனில், என் நிக்கான் எஃப்.எம்.2 காமிராவின் பழைய திரை இருள் வேளையில் மங்கலாயிருந்தது. அன்றியும் உப்பளத்திற்கு அது ஒவ்வவில்லை. அதன் நடுவில் ஒரு சிறு வட்டம். அவ்வட்டத்தைக் கிடைக்கோடு ஒன்று இரண்டாகப் பிளக்கும். எதிரெதிராகச் சரிந்த இரு சிறு பட்டகங்கள் அதனுள் உள. குவிதல் தவறினால் ஒரு கம்பமோ கதவு நிலையோ அக்கோட்டில் முறிந்ததுபோல் இடமும் வலமுமாக விலகித் தோன்றும், சரியானால் ஒன்றாகும். மிக நல்ல ஏற்பாடுதான். ஆயினும் முறிவது செங்குத்தான கோடே. உப்பளத்திலோ வரப்பு, நீர்விளிம்பு, தொடுவானம் யாவும் கிடைக்கோடுகள்! காமிராவைச் செங்குத்தாகத் திருப்பிக் குவித்து, மறுபடி கிடையாகப் பிடித்து எடுக்கவேண்டியதாகும். அருகிலுள்ள கழுவேலி ஏரியின் நீர்ப்பறவைகளை நெடிய லென்ஸால் எடுக்கப் புகுந்தால் மற்றொரு தொல்லை. துவார எண் 5.6 அளவான லென்ஸில் ஒளிக்கற்றை ஒடுங்கிவிடுவதால் அவ்வட்டத்தின் ஒரு பாதி கறுத்துவிடும்.

ஆகவே பிரகாசமானதென்று விளம்பரஞ் செய்யப்பெற்ற மலிவான திரையொன்றை வாங்கிப் பொருத்தினேன். விற்றவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பார்வைக்கு அது சூரியோதயம் போலிருந்தது. அங்கேதான் ஏமாந்தேன். பழங்காலத்துச் சொரசொரப்பான கண்ணாடி ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும். கண்ணுக்கு வருவது சிறுபகுதியே. ஆதலால் அது மங்கல். ஆனால் லென்ஸின் விளிம்பு வழியே வரும் ஒளியிலும் ஒரு பங்கை அது காட்டும். பிரகாசத் திரைகளோ, நுண்ணிய வடிவங்களால் ஒளியைக் கண்ணை நோக்கியே செலுத்துவன. லென்ஸின் நடுப்பகுதி ஒளியே அவற்றில் மிகுதியாகத் தெரிவதால், 1.8 என்று திறந்திருக்கும் லென்ஸ் 2.8 என்று சுருக்கியதுபோலத் தெளிவு மிகுந்து தோன்றும். குவியாததும் குவிந்ததாகவே காணப்படும். மினோல்டா செய்த அக்யூட் மேட் முதலிய சிறந்த திரைகளும் இந்த இயல்பினின்று முற்றும் தப்பியவையல்ல. ஒளியையும் நுட்பத்தையும் அளவாகச் சமன்செய்ததே அவற்றின் பெருமை. என்னுடையதிலோ இக்குறையோடு கனமும் பிசகியிருந்தது.

பின்னர், 2001-இல் வந்த எஃப்.எம்.3ஏ காமிராவுக்கென நிக்கான் செய்த இ3 என்னும் திரையைத் தேடிப் பெற்றேன், எஃப்.எம்.2-இலும் அது பொருந்தும். பிளவு வட்டம் அதில் இல்லை. பரப்பு முழுதும் நுண்ணிய கட்டக்கோடுகள் உண்டு. தொடுவானம் சாயாமல் எடுக்க உப்பளத்தில் இதனினும் உதவியானது வேறில்லை. மாற்றுவது எளிது. லென்ஸைக் கழற்றி, வாயின் மேல்விளிம்பில் உள்ள சிறு கொளுவியை இழுத்தால் சட்டம் கீழிறங்கும். திரையின் ஓரத்து நாக்கைச் சாமணத்தால் பற்றி எடுத்து, புதியதை வைத்து, சட்டம் சொடுக்கென்று பூட்டும்வரை மேலே தள்ளுக. விரல் படலாகாது, திரை பிளாஸ்டிக்கினால் ஆனது, துடைத்தால் கீறும். எல்லாக் காமிராக்களும் இவ்வாறு இடந்தருவனவல்ல. பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் பழுதுபார்ப்பவரிடமே கொடுத்தல் நலம்.

மாற்றியபின் இரண்டு சோதனைகளைச் செய்யாமல் எவரையும் படம் பிடிக்கலாகாது. ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, துவாரத்தை முழுதும் திறந்து, நடு எண்ணைக் குவித்து எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். தெளிந்தது அதே எண்ணாயின் திரை சரியான இடத்தில் உளது. மற்றொன்று ஒளிமானி பற்றியது. இக்காமிராவின் ஒளிமானி பார்வைத் துளையருகே இருந்துகொண்டு திரையில் விழும் பிம்பத்தையே அளப்பதால், திரை பிரகாசமானால் மானியும் வெளியே வெளிச்சம் மிகுந்ததாக எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடக்கூடும். தனி ஒளிமானியொன்றோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருப்பின் ஃபிலிம் வேக எண்ணை மாற்றி ஈடுசெய்க.

உப்பளத்தில் நின்று லென்ஸைக் கழற்றாதீர் என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன். கடற்காற்றில் வரும் உவர்ப்பசை திரையில் படிந்தால் எளிதில் நீங்காது.

மறு ஆண்டு அதே பருவத்தில் மீண்டும் சென்றேன். அம்மூதாட்டி அதே பாத்தியில் இருந்தார். மங்கிய பழைய படத்தைக் காட்ட நாணி, புதிதாக எடுத்து, பதினைந்து நாளில் பிரதியோடு திரும்பினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கியவர், நெடுநேரம் பார்த்திருந்து, "எங்க வூட்டுக்காரர் படம் ஒண்ணுகூட இல்ல தம்பி" என்றார். பிறகு பேரனை வரப்பின்மேல் கூப்பிட்டு நிறுத்தினார். ஃபிலிமில் இன்னும் மூன்று படங்கள் மீதமிருந்தன.