எந்தக் கோபுரம்?

ராஜபாளையத்துக்கு மூக்கு இளஞ்சிவப்பு. ராஜபாளையத்தில் பஞ்சாலைகள் அதிகம். முதலாவது நாய், அடுத்தது ஊர் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதனால், 2012-ல் தொடங்கிய விக்கித்தரவு என்னும் தரவுத்தளம் பெயரை நம்புவதில்லை. ஊருக்கு ஓர் எண், நாய் இனத்துக்கு வேறோர் எண். மாவட்டம் மாறினால் காலத்தையும் குறித்துக்கொள்ளும்: 1985 வரை ராமநாதபுரம், இப்போது விருதுநகர்.

இவையெல்லாம் எளிது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும் பதினோரு நிலைக் கோபுரம்தான் பாடாய்ப் படுத்தும். தமிழக அரசு முத்திரையில் இருப்பது அதுதான் என்று பள்ளியில் படித்தோம். முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்தார் என்கிறது இன்னொரு தரப்பு. ‘வாய்மையே வெல்லும்’ என்று எழுதிய முத்திரைக்கே இந்த நிலைமை!

வழக்கமான தருக்கத்தில் ‘ஆம்’, ‘அல்ல’ இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டால், அதிலிருந்து எதையும் நிறுவிவிடலாம். முத்திரையில் இருப்பது பால்கோவா என்றுகூட. விக்கித்தரவு இதில் சிக்காமல் தப்பிக்கிறது. அது பதிவது உண்மையை அல்ல, ‘இன்ன ஆதாரம் இப்படிச் சொல்கிறது’ என்பதை. முரணான இரண்டும் அருகருகே இருக்கலாம். ஒன்றை இன்னார் மறுக்கிறார் என்று ஒட்டிவைக்கவும் இடமுண்டு.

நம் ஆட்கள் இதை ‘அளவை’ என்றார்கள்: ஒன்றை எதைக் கொண்டு அறிந்தாய்? கண்டா, கருதியா, பிறர் உரை கேட்டா? முத்திரை உருவான காலத்தையொட்டி, 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதல்வரானவர் ராஜபாளையத்துக்காரர், பூ.ச. குமாரசுவாமி ராஜா. ஆகவே இது நம் பக்கத்துக் கோபுரமாகத்தான் இருக்கும் என்பது கருதல். கேட்க இனிக்கிறது, ஆனால் முதல்வரின் ஊர் கோபுரத்துக்குச் சாட்சி ஆகாது. ஏதுப் போலி என்று தருக்கிகள் தள்ளிவிடுவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் அரைக் கிலோ பால்கோவா நிறுக்கச் சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டேன்.

“இதுல என்ன அண்ணாச்சி சந்தேகம்? எங்க கோபுரந்தான்.”

“யார் சொன்னது?”

“ஊரே சொல்லுதே!” தராசைப் பார்த்தபடி இன்னொரு விள்ளல் வைத்தார்.

இதற்கும் மணிமேகலையில் பெயர் இருக்கிறது: ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்ல, நாமும் நம்புவது. அளவைகளின் பட்டியலில் அதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார் சாத்தனார்.