லவ் பேர்ட்ஸ் ஆணா, பெண்ணா? ஜோடி சேர்க்கும் முன் இதைப் பாருங்க!

நம்ம ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி கிளிகளை 'ஜோடி' என்று நம்பி வாங்குவோம். இரண்டுமே பெண்ணாக இருந்தால்? கூண்டில் பானை வைத்ததும் அதற்காக ரத்தம் வரும் அளவுக்குச் சண்டை நடக்கலாம்.

எங்கே பார்க்கணும்?

இறகு நிறத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. அலகுக்கு மேல், மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள சதையைப் பாருங்க. வளர்ந்த ஆணுக்கு அது பளிச் நீலம். பெண்ணுக்கு வெளிறிய நிறம். முட்டையிடத் தயாரானால் பழுப்பாகி, சொரசொரப்பாகும்.

குஞ்சாக இருந்தால்?

நெற்றிக் கோடுகள் மூக்குச் சதை வரை இருந்தால் வயது 3, 4 மாதத்துக்குள்தான். சதை முழுக்க ஒரே இளஞ்சிவப்பு ஊதா என்றால் பெரும்பாலும் ஆண். துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண்.

இங்கே ஏமாறலாம்!

சிவப்புக் கண் உள்ள முழு மஞ்சள், முழு வெள்ளைக் கிளிகளில் ஆணுக்கு, வளர்ந்த பிறகும் சதை நீலமாகாது. சந்தேகம் இருந்தால் இறகு மூலம் டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாம்.

அவசரம் வேண்டாம்

ஒரு வயதுகூட ஆகாத பெண்ணை ஜோடி சேர்த்தால், முட்டை உள்ளேயே சிக்கி உயிரே போகலாம். ஆணின் நீலச் சதை பழுப்பாக மாறினால் உள்ளே கட்டி இருக்கலாம்; உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.