உங்களுக்குத் தெரியுமா? மாறாதவர் மனிதரானார் என்றால்...

◆ பரமக்குடியில் சித்திரை வந்தால் சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகராகி வைகையில் இறங்குகிறார். ஆற்றைக் கடந்தால் எமனேஸ்வரம். அங்கே பிறப்பே எடுக்காத சிவன். கடவுள் பிறப்பாரா, பிறந்தவர் கடவுளாக நீடிப்பாரா என்ற கேள்வி இந்த ஊருக்குப் பழசு. இதே கேள்விக்காகக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் பதினேழு நூற்றாண்டாக மல்லுக்கட்டுகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

◆ வழக்கு இதுதான். மல்கியா 3:6-இல் கடவுள், தான் மாறுவதில்லை என்கிறார். யாக்கோபு 1:17-ம் அதற்குச் சாட்சி. ஆனால் யோவான் 1:14-இல் கடவுளோடு கடவுளாக இருந்த வார்த்தை, அதாவது கிறிஸ்து, மனித உடல் எடுக்கிறது. ஒன்று இன்னொன்றாக ஆனால் அது மாற்றம்தானே? மாறவே இல்லை என்றால் மனிதரானது நிஜமா, வேஷமா? இதன் பிறகு ஆயர்கள் கூடிய திருச்சபைச் சங்கங்கள் எல்லாம் இந்த வழக்குக்கு வாங்கிய வாய்தாக்கள்.

◆ வழக்கைக் கிளப்பியவர் நாத்திகர் அல்ல. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ். கடவுள் மாறாதவர் என்பதில் அவர் அத்தனை பிடிவாதம். பசித்து, அழுது, செத்துப்போன ஒருவர் அந்தக் கடவுளுக்குச் சமமாக முடியாது. ஆகவே மகன் படைக்கப்பட்டவர், மாறக்கூடியவர் என்றார். கடவுளைக் காப்பாற்றக் கிளம்பித்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

◆ 325-இல் நிசேயாவில் (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) கூடிய ஆயர்கள் அவருக்கு எதிராக எழுதிய விசுவாசப் பிரமாணத்துக்கு ஒரு வால் இருந்தது: கடவுளின் மகன் மாறக்கூடியவர் என்று சொல்கிறவர்களைத் திருச்சபை சபிக்கிறது என்று. இன்று ஞாயிறு திருப்பலியில் சொல்லப்படும் நிசேயப் பிரமாணத்தில் அந்த வாலைத் தேடினால் கிடைக்காது. 381-இல் கான்ஸ்டாண்டினோப்பிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வடிவத்தைத்தான் நாம் கேட்கிறோம். அதில் சாபம் இல்லை.

◆ இந்தியாவுக்கு என்று சொல்லி ஒரு மதத் தூதரை ரோமப் பேரரசர் அனுப்பிய கதை ஒன்று உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டியுஸ் அனுப்பிய தெயோபிலுஸ். ‘இந்தியர்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். கட்சி? ஆரியுஸ் பக்கம்!

◆ 449-இல் இதே வழக்குக்காக எபேசில் கூடிய ஒரு சங்கத்தில் கான்ஸ்டாண்டினோப்பிள் ஆயர் பிளாவியன் பதவி பறிக்கப்பட்டு, அடிபட்டு, கொஞ்ச நாளில் இறந்துபோனார். அதற்குத் ‘திருட்டுச் சங்கம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டே ஆண்டில், 451-இல், கால்செதோனில் மறுசங்கம். கிறிஸ்து ஒருவரே; அவரில் தெய்வ இயல்பும் மனித இயல்பும் உண்டு; கலப்பில்லை, மாற்றமில்லை, பிளவில்லை, பிரிவில்லை என்று தீர்ப்பு. நான்கும் இல்லை, இல்லை, இல்லை, இல்லை. எப்படி நடந்தது என்று ஒரு வரி கிடையாது. எப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்பதற்கு நாலு பக்கமும் வேலி. எனக்கு இது தந்திரமாகப் படவில்லை, நேர்மையாகவே படுகிறது.

◆ வேலி போட்டதும் சண்டை ஓய்ந்ததா? கிறிஸ்துவுக்கு மனித விருப்பமும் தெய்வ விருப்பமும் தனித்தனியே உண்டு என்று சொன்னதற்காக 662-இல் மாக்சிமுஸ் என்ற எண்பது வயதுத் துறவியின் நாக்கையும் வலக்கையையும் பேரரசின் ஆட்கள் வெட்டினார்கள். அவர் சொன்னதே சரி என்று 681-இல் சங்கம் கூடி ஒப்புக்கொண்டது. நாக்கு திரும்பவில்லை.

◆ 5-ஆம் நூற்றாண்டின் மூன்று கட்சிகளும் ஒருசேர உயிரோடிருக்கும் இடம் நமக்குப் பக்கத்தில்தான், செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால். கால்செதோனை ஏற்ற கத்தோலிக்கர். அதை ஏற்காத மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபியர். கிறிஸ்துவின் இரு இயல்புகளையும் அளவுமீறிப் பிரிக்கிறார் என்று 431-இல் எபேசு சங்கத்தில் பதவி பறிக்கப்பட்ட நெஸ்டோரியுஸைக் கைவிட மறுத்த கிழக்குத் திருச்சபையின் வாரிசுகளான திருச்சூர் கல்தாய சபையார். ஒரே நாளில் பஸ் பிடித்து மூன்று கோயிலுக்கும் போய் வந்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்கள் கிழக்குச் சீரிய வழியைச் சேர்ந்தவர்கள், அதாவது நெஸ்டோரியுஸ் பக்கம். 1653-இல் போர்த்துகீசியரின் அதிகாரத்தை எதிர்த்து மட்டாஞ்சேரியில் கூனன் குருசுச் சத்தியம் செய்து பிரிந்தவர்களுக்கு ஓர் ஆயர் தேவைப்பட்டது. 1665-இல் வந்து சேர்ந்தவர் மேற்குச் சீரிய மார் கிரிகோரியோஸ். நெஸ்டோரியுஸுக்கு நேர் எதிர் முகாம்! ஆள்வது யார் என்ற தகராறு போகிற போக்கில் கொள்கையையும் மாற்றிவிட்டது.

◆ ‘நாங்கள் இரண்டு பேரும் சொன்னது ஒன்றைத்தானோ?’ என்று கால்செதோனை ஏற்காத முகாமிலிருந்து நிதானமாக எழுதியவர் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் குரு வி. சி. சாமுவேல். கால்செதோன் சங்கத்தை மறு ஆய்வு செய்த அவருடைய நூல் 1977-இல் வெளிவந்தது. வெளியிட்டது சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். 1994 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பாலும் கிழக்குத் திருச்சபைத் தலைவர் மார் தின்காவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசம் இரு தரப்புக்கும் ஒன்றே என்றார்கள். நெஸ்டோரியுஸின் பதவியைப் பறித்த எபேசு சங்கம் முடிந்து 1563 ஆண்டு ஆகியிருந்தது.

◆ இந்தக் கிழக்குத் திருச்சபைக்குத் தனுஷ்கோடிக்கு அக்கரையிலும் சாட்சி உண்டு. அனுராதபுரத்தில் 1912-இல் கிடைத்த கல் சிலுவை, பாரசீகத்திலிருந்து வந்த கிழக்குத் திருச்சபையாருடையது என்று கருதப்படுகிறது. இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாக 6-ஆம் நூற்றாண்டிலேயே காஸ்மாஸ் என்ற வணிகர் எழுதியிருக்கிறார்.

◆ சென்னை பரங்கிமலைக் கோயில் பீடத்தில் பதித்திருக்கும் கல் சிலுவையைப் பார்த்திருப்பீர்கள். 1547-இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. 1558 முதல் 1704 வரை அது அவ்வப்போது வியர்த்தது, இரத்தம் கசிந்தது என்பது மரபு. எனக்கு அதைவிட ஆர்வமூட்டுவது சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்து. பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து அது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தகராறு.

மதராஸ் மாகாணத்தில் நீதிபதியாக இருந்த மொழி அறிஞர் பர்னல் 1873-இல் அதைப் படித்துச் சொன்ன பொருள் பெரும் தத்துவம்: சிலுவைத் தண்டனையில் துன்பப்பட்டவர் மெய்யான கிறிஸ்துவும் மேலான கடவுளுமே என்பதாக. மாறாத கடவுள் துன்பப்படலாமா என்ற பழைய வழக்குக்குச் சென்னை மலை உச்சியில் கல்லிலேயே ஆதாரம் கிடைத்துவிட்டது என்று அறிஞர்கள் பரபரத்தார்கள். 1920-களில் விஞ்ச்வொர்த் வேறு மாதிரி படித்தார். ‘ஆண்டவரே, இந்தச் சிலுவையைச் செய்த இன்னார் மகன் இன்னார்மீது இரக்கம் வையும்’ என்ற மாதிரி ஓர் எளிய வேண்டுதல். அதன் பின் வந்தவர்களும் பெயர்களை மாற்றிப் படித்தார்களே தவிர, இந்த வழியில்தான் போனார்கள். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் நம் ஊர் வழக்கத்துக்கு மூத்த அண்ணன்!

◆ ‘கடவுள் செத்தாரா?’ என்று பாக்தாத்தில் 781-ஆம் ஆண்டளவில் கலீபா அல்-மஹ்தி நேருக்கு நேர் கேட்டார். பதில் சொல்லி மீண்டவர் கிழக்குத் திருச்சபைத் தலைவர் முதலாம் திமொத்தேயு. அப்போது இந்தியத் திருச்சபையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கீழக்கரையில் மரைக்காயர் வீட்டுத் திண்ணையில் கிறிஸ்தவ நண்பர் யாராவது உட்கார்ந்து பேசினால், இன்றும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

◆ தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேசம் படித்த பெரியவர்களுக்குக் கடவுளின் ஆறு இலட்சணங்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். தானாயிருத்தல், தொடக்கமும் முடிவும் இல்லாமை, உடல் இல்லாமை, நன்மைகளின் நிறைவு, எங்கும் நிறைதல், எல்லாவற்றுக்கும் மூலமாதல். மூன்றாவதைக் கவனியுங்கள். கடவுளுக்கு உடல் இல்லை என்று ஒரு பக்கத்தில் மனப்பாடம். சில பக்கம் தள்ளி, அவர் கன்னியிடம் உடல் எடுத்தார் என்று இன்னொரு மனப்பாடம். இடையில் கை தூக்கிய பிள்ளைக்கு உபதேசியார் என்ன சொன்னாரோ! முறையான பதில் உண்டு: தெய்வ இயல்புக்கு உடல் இல்லை, தெய்வ ஆள் ஒருவர் மனித இயல்பைத் தமதாக்கிக்கொண்டார். தம்மிடம் இருந்ததை விடவில்லை, இல்லாததைச் சேர்த்துக்கொண்டார்.

◆ சேர்த்துக்கொண்டாலும் மாற்றம்தானே என்பீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு தூணைக் காட்டினார். ராமேசுவரம் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் என்பார்கள். உங்களுக்கு வலப்புறம் இருந்த ஒரு தூண், நீங்கள் அதைச் சுற்றி மறுபக்கம் போனால் இடப்புறத் தூணாகிறது. புது உறவு வந்துவிட்டது; மாறியது நீங்கள், தூண் அல்ல. கடவுளுக்கும் படைப்புக்கும் உள்ள உறவு அப்படி என்றார். கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் தூணிடம் யாரும் அழுது முறையிடுவதில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

◆ தமிழ்நாட்டில் இந்த வழக்கின் எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்: சைவ சித்தாந்திகள். 13-ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்திலேயே பாஞ்சராத்திரம் என்ற வைணவ நெறிக்கு மறுப்பு உண்டு. கருவில் தங்கிப் பிறந்து, துன்பப்படும் ஒருவர் முழுமுதற் பொருளா என்பது சைவர் பெருமாள் அடியாரிடம் கேட்டுப் பழகிய கேள்வி. சிவன் குருவாக வருவார், கருவில் வரமாட்டார். பாதிரிமார் வந்தபோது விலாசத்தை மாற்றினால் போதுமாயிருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி இதைப் புரிந்துகொண்டவர். கடவுள் சற்குருவாக மனித உருவில் வந்தார் என்று சைவர் திறந்து வைத்திருந்த வாசல் வழியாகவே நுழையப் பார்த்தார்.

◆ பைபிளைத் தமிழாக்க யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர் ஆறுமுக நாவலர். அதே வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1854-இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதி மிஷனரிகளைத் திணற வைத்தவரும் அவர்தான். அவருடைய பதிப்புப் பணிக்குக் கைகொடுத்தவர் நம் ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுசாமித் தேவர்.

◆ நம் மாவட்டத்தில் அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) சாகக் காரணம் இந்தக் கொள்கைச் சண்டை என்று நினைத்தால் தவறு. 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளான அவரைக் கிழவன் சேதுபதி அழைத்து விசாரித்தார், போதனையைக் கேட்டார், இனி என் சீமையில் பிரசங்கிக்காதே என்று சொல்லி விட்டுவிட்டார். திரும்பி வந்த அருளானந்தரின் வழியில் ஞானஸ்நானம் பெற்ற தடியத் தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை விழுந்தது. கடவுள் மனிதரானார் என்பதைச் சேதுபதி பொறுத்துக்கொண்டார். வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து அழுததைப் பொறுக்கவில்லை. கான்ஸ்டாண்டினோப்பிள் அரசர்களோடு ஒப்பிட்டால் மறவர் சீமையின் கணக்கு வேறு.

1947-இல் புனிதர் பட்டம் பெற்ற அருளானந்தரைத் தேடி ஓரியூருக்கு இன்றைக்கு இந்துக்களும் வருகிறார்கள். மொட்டை அடிக்கிறார்கள், கிடா வெட்டிச் சமைக்கிறார்கள், செம்மண்ணை அள்ளி முடிந்துகொள்கிறார்கள். இரண்டு இயல்பா ஒன்றா என்று அங்கே யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

◆ ‘அவதாரம்தான், ஆனால் முடிந்துபோகாத அவதாரம்’ என்று சொன்னவர் சென்னை வக்கீல் வெங்கல் சக்கரைச் செட்டியார். கிறிஸ்தவரான இவர் மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தார். இயேசுவை அவதாரமாக விளக்கும் அவர் நூல் 1920-களில் வந்தது. பெருமாளின் அவதாரங்கள் வேலை முடிந்ததும் நிறைவடைகின்றன. கிறிஸ்து மனிதராகவே நிலைக்கிறார், ஆவியின் வழியே மனிதருக்குள் அவதாரம் தொடர்கிறது என்பது அவர் கட்சி. பாளையங்கோட்டையில் பிறந்து கோவைப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி ராமானுஜரிடம் போனார்: உலகுக்குள் ஏற்கெனவே அந்தர்யாமியாக இருப்பவர் மனிதராக வெளிப்பட்டால் அதில் என்ன மாற்றம்?

சக்கரையின் உறவினரும் புதுக்கோட்டை சமஸ்தானத்துத் தலைமை நீதிபதியுமான பி. செஞ்சையா இருவரையும் விட ஒரு படி போனார். கடவுள் மாறினாரா என்று துருவுவதை விடுங்கள். மனிதன் மாறினான், இயேசு புதுப் படைப்பு என்றார். வழக்கையே தள்ளுபடி செய்த நீதிபதி! மூவரில் எனக்குப் பிடித்தவர் இவர்.

◆ துன்பம் தொடாத கடவுள் எங்களுக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1972-இல் ஜெர்மனியில் மோல்ட்மன், சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதினார். பின்னாளில் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் கற்பித்த ஏ. பி. நிர்மல், 1980-களில் பல இடங்களிலும் கவனிக்கப்பட்ட ஒரு வாதத்தை வைத்தார்: தலித்துகளின் கடவுள் ஊழியம் செய்யும் கடவுள், இயேசுவும் தலித்தே. மாறாமை என்ற இலட்சணத்தைக் காப்பாற்றும் கவலை அந்தப் பேச்சில் இல்லை; அந்தக் கடவுள் யார் பக்கம் நிற்கிறார் என்பதே கேள்வி.