வாத்து மட்டும் விழாது

செங்கல்பட்டு வாசகர் ஒருவருக்கு ஒரு சந்தேகம். பரணிலிருந்து இறக்கிய பழைய டிவி கேம், புது எல்.இ.டி. டிவியில் நன்றாகவே ஓடுகிறதாம். மாரியோ குதிக்கிறார், கான்ட்ராவில் குண்டு பறக்கிறது. வாத்து சுடும் ஆட்டத்தில் துப்பாக்கியை நீட்டினால் மட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மாறியது டிவிதான்.

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேமின் நகல்கள்தாம் தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. கேசட் வேலை செய்யாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கோவளம், மாமல்லபுரம் பக்கத்து உப்புக் காற்றில் கேசட்டின் செம்புப் பற்கள் களிம்பேறும். எல்லோரும் செய்வதுபோல வாயால் ஊதினால் ஈரம் சேர்ந்து களிம்பு கூடவே செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

துப்பாக்கிக்கு வருவோம். மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுடும் துப்பாக்கியிலிருந்து ரவை பாயும். டிவி கேம் துப்பாக்கியிலிருந்து எதுவும் கிளம்பாது. குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை முழுக்கக் கறுக்கும். அடுத்த நொடிப்பொழுதில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று அந்தக் கண் பார்த்தால் வாத்து விழும்.

அப்படியானால் குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றலாமே? அதற்கும் வழி அடைத்திருந்தார்கள். பழைய குழாய் டிவி படத்தைக் கோடு கோடாக, விநாடிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளாக வரையும். நின்டெண்டோவின் அசல் துப்பாக்கி அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டுமே ஏற்கும். எல்.இ.டி. டிவியில் அந்தத் துடிப்பு கிடையாது. போதாததற்கு, வந்த படத்தை மெருகேற்றிக் காட்ட அது சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும்போது விளையாட்டு கணக்கை முடித்திருக்கும்.

ஆக, வேண்டியது ஒரு குழாய் டிவி. 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் தமிழகமெங்கும் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போன 14 அங்குலப் பெட்டி அந்த வகைதான். இன்று பழைய இரும்புக்காரர் அதைச் சொற்பக் காசுக்கு எடுத்துப்போய், கழுத்திலுள்ள செம்புக் கம்பிச் சுருளுக்காகக் குழாயை உடைக்கிறார். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. சில்லுகள் குப்பையோடு போகின்றன. ஓடுகிற பெட்டியை இப்படித் தொலைப்பது வீண் மட்டுமல்ல, விஷமும்கூட.

உறவினர் வீட்டில் ஒன்று கிடைத்தால் வாசகர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பின்மூடியை மட்டும் தானே கழற்ற வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.