இணைப்பு என்னும் திறவுகோல்

வெள்ளாற்றங்கரையிலுள்ள புவனகிரியில் ஒரு மாணவி கணிப்பொறியில் கணக்கு அட்டவணை வரைகின்றாள் என்று கொள்வோம். ஐயம் எழுகின்றது, தமையனோ சென்னையில் இருக்கின்றான். அவள் அனுப்பிய சிறு இணைப்பை அவன் தொட்டதும் அவளது திரையே அவன்முன் விரிகின்றது. அட்டவணை இடம்பெயர்வதில்லை, அதன் தோற்றமே படமாகச் செல்கின்றது. அவன் தட்டும் எழுத்துகளோ அவளது கணிப்பொறியில் வந்து பதிகின்றன.

இம்முறையின் வித்து பழையது. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ அவையில் இதனைச் செய்து காட்டினார். கணிப்பொறி இருந்ததோ ஏறத்தாழ 48 கிலோமீட்டர் அப்பாலுள்ள மென்லோ பார்க்கில்! அங்கிருந்த துணைவரும் அதே பக்கத்தைக் கண்டு உடன் பணியாற்றினார்.

கடவுச்சொல் கேளாத இணைப்பு ஆளை அறியாது. வழியில் பெற்றவர்க்கும் கதவு திறக்கும். ஆதலின், காணும் உரிமை மட்டும் போதுமா, இயக்கும் உரிமையும் வேண்டுமா என்பதை அம்மாணவியே முன்னர்த் தெரிந்தெடுத்தல் வேண்டும். அவள் பகிர்வை நிறுத்திய பின்னரே அக்கதவு அடைபடும்.